ஒரு விரல் கிளட்ச்

பழைய மோட்டார்சைக்கிளைப் பிரித்துப் போட்டு அன்றோடு பதினோரு ஞாயிற்றுக்கிழமை ஆகியிருந்தது. கேட்டுக்கும் மாடிப்படிக்கும் நடுவே இருந்த ஒடுக்கமான நடையில் கட்டிங்காரர் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு நட்டைத் தேடிக்கொண்டிருந்தார். நட்டு என்னவோ சுண்டுவிரல் நகத்தளவுதான். ஆனால் அது இல்லாமல் கிளட்ச் கேபிளை இறுக்க முடியாது. கேபிளை இறுக்காமல் வண்டியைக் கிளப்ப முடியாது. கையிலிருந்து நழுவி, இன்ஜினில் ஒரு முறை, தரையில் ஒரு முறை சத்தம் போட்டுவிட்டு எங்கோ போய்விட்டது. கால்மணி நேரமாகத் தண்ணீர் வாளியை நகர்த்திப் பார்த்தார், செருப்புகளை உதறிப் பார்த்தார், மாடி வீட்டுக்காரம்மாவின் பூந்தொட்டிகளுக்கு அடியில் கூடத் துழாவிவிட்டார். கிடைக்கவில்லை.

அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவர் என்பதால் அவருக்குக் கட்டிங்காரர் என்று பெயர். போன வருஷம் அந்த இயந்திரம் அவருடைய இடது கையில் சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் முழுசாகவும் நடுவிரலைப் பாதியாகவும் எடுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது அவரைப் பார்சல் கட்டும் பகுதிக்கு மாற்றியிருந்தார்கள். வெட்டும் மேஜையில் வேறொரு ஆள் நின்றான். ஆனாலும் பெயர் மட்டும் மாறவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் "ஏன் சார் உங்களுக்குக் கட்டிங்னு பேரு?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் கையைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். அவர் ஒவ்வொரு முறையும் "அது வேற கதைப்பா" என்று சொல்லிச் சமாளிப்பார்.

கை ஆறியதும் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒரே யோசனைதான் சொன்னார்கள். கியர் இல்லாத ஸ்கூட்டர் ஒன்று வாங்கிக்கொள், கிளட்சும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், முறுக்கினால் போகும். டாக்டர் சொன்னார், மேனேஜர் சொன்னார், மாடி வீட்டுக்காரம்மா படியில் நின்றபடி சொன்னாள், மனைவியும் சுற்றி வளைத்துச் சொன்னாள். அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை என்பதுதான் அவருக்கு எரிச்சல். எந்த வேலை செய்யலாம், எதைத் தூக்கலாம், எந்தப் பக்கம் படுக்கலாம் என்று ஒரு வருஷமாக அடுத்தவர்கள்தான் அவருக்காக முடிவெடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஒன்றையாவது தானே முடிவெடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துவிட்டார். வண்டியை வைத்துக்கொள்வது, தன் கைக்கு ஏற்ற மாதிரி அதை மாற்றிக்கொள்வது என்று தீர்மானம்.

சொல்வது சுலபம். அந்த வண்டியின் கிளட்ச் லிவர் அந்தக் காலத்து முரட்டுச் சாமான். நான்கு விரல் முழுசாக உள்ளவர்களுக்கே நெரிசலில் மணிக்கட்டு கடுக்கும். அவருக்கு உருப்படியாக மிச்சமிருந்ததோ கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். கைப்பிடியைப் பிடித்தால் ஆள்காட்டி விரல் லிவரின் அடிப்பக்கத்தில்தான் போய் விழும். அங்கே எவ்வளவு இழுத்தாலும் அது மசியாது.

முதலில் லிவரை வளைத்துப் பார்த்தார். அலுமினியம், வளைகிற மாதிரி பாவனை செய்துவிட்டுப் பட்டென்று ஒடிந்தது. இரண்டாவது லிவரை அடுப்பில் காட்டி வளைத்தார். அது இரண்டு நாள் தாக்குப்பிடித்துவிட்டு ஒடிந்தது. பிறகு இன்ஜின் பக்கத்தில் கேபிள் போய் மாட்டும் சிறிய இரும்புக் கையை நீளமாக்கினால் இழுக்க லேசாக இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். மச்சினன் ஒரு இரும்புத் துண்டை வெல்டிங் வைத்து நீளமாக்கிக் கொடுத்தான். லேசாகத்தான் இருந்தது. ஆனால் கிளட்ச் பாதிதான் விட்டது. கியரைப் போட்டதும் வண்டி லிவரை மதிக்காமல் தானாக ஊர்ந்து, கேட்டில் முட்டி, கேட்டின் தாழ்ப்பாளை வளைத்துவிட்டு நின்றது. அந்தத் தாழ்ப்பாளைப் பற்றி வீட்டுக்காரம்மா பேசியதைக் கேட்டவர்கள் அது தங்கத்தில் செய்தது என்றே நினைத்திருப்பார்கள்.

ஒட்டிய துண்டை அறுத்து எடுத்தாயிற்று, அது போகட்டும். இப்போது நட்டு. அன்றைக்கு மனைவிக்கு வேலை நாள். கண் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பெயரைப் பதிவு செய்யும் வேலை. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு முறை வரும். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். முன்பெல்லாம் அவர்தான் கொண்டுபோய் விடுவார். அன்று காலையும் அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கழற்றி வைத்த சக்கரத்தைத் தாண்டி, எண்ணெய்த் துணியைத் தாண்டி, ஒன்றும் சொல்லாமல் போனாள். சொல்லியிருந்தால் கூடப் பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றியது.

நட்டைத் தேடுவதை விட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை பாதி கடை சாத்திக் கிடந்தது. நான்காவது கடையில் அந்த அளவு நட்டு இருந்தது. ஒன்று கேட்டால் பத்து உள்ள பாக்கெட்டாகத்தான் தருவேன் என்றான் கடைக்காரன். பத்தையும் வாங்கிக்கொண்டு திரும்பினார். தெருமுனை திரும்பும்போதே கிரைண்டர் சத்தம் கேட்டது.

மச்சினன் வந்திருந்தான். மனைவியின் தம்பி, ஜன்னல் கம்பி, கேட்டு எல்லாம் செய்கிற வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். கண்ணாடி போட்டுக்கொண்டு வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தான். தீப்பொறி படிக்கட்டு வரை தெறித்தது. அவர் உள்ளே நுழைவதற்கும் பின்சீட்டைத் தாங்கும் இரண்டு குழாய்களில் இரண்டாவது அறுபட்டுத் தரையில் விழுவதற்கும் சரியாக இருந்தது.

"என்ன மாப்ள பண்ற?"

"வாங்க மாமா. பின்னாடி வெட்டிட்டேன். ஒத்த சீட்டு. இப்பல்லாம் பழைய வண்டிய இப்படித்தான் பண்றாங்க. பாருங்க, சும்மா குதிரை மாதிரி இருக்கு."

அவர் பார்த்தார். குதிரை மாதிரி இல்லை. வால் அறுந்த பல்லி மாதிரி இருந்தது. வண்டியில் ஒரு ஆள் உட்காரத்தான் இடமிருந்தது. அதற்குப் பின்னால் வெறும் காற்று.

"யாரைக் கேட்டு வெட்டின?"

"கேட்டா வேணாம்பீங்க."

"அப்ப வேணாம்னு தெரியும். தெரிஞ்சும் வெட்டியிருக்க."

மச்சினன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, எடை குறைந்தால் வண்டி லேசாகப் போகும், வளைவில் சுலபமாகத் திரும்பும், கைக்கும் அலுப்பிருக்காது என்று அடுக்கிக்கொண்டே போனான். அதில் ஒரு வார்த்தையும் அவர் காதில் ஏறவில்லை. வெட்டுவதற்கு முன் கேட்க வேண்டும் என்பது பதினெட்டு வருஷம் வெட்டியவருக்குத் தெரியாதா? அவர் கத்தவில்லை. கிரைண்டரின் பிளக்கைப் பிடுங்கினார். ஒயரைச் சுருட்டினார், விரல் போதாமல் சுருள் இரண்டு முறை அவிழ்ந்தது. மூன்றாம் முறை சுருட்டி மச்சினன் கையில் கொடுத்து, "கெளம்பு" என்றார்.

அவன் கிளம்பிவிட்டான். போகிறபோது வெட்டின குழாய்களையும் பின்சீட்டையும் எடுத்துக்கொண்டு போனான். அதுவும் அவருக்குக் கோபம். இரும்புக்குக் கூடவா ஆசைப்படுவான் என்று நினைத்தார்.

சாயங்காலம் மனைவி வந்தாள். கேட்டைத் திறந்தவள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"அப்ப நான் எங்க உக்கார்றது?"

நடந்ததைச் சொன்னார். ஸ்டைலுக்காக வெட்டினானாம் உன் தம்பி என்றார். போன் போட்டுக் கேட்கிறேன் என்று எழுந்தவளை, நீ நடுவில் வராதே என்று தடுத்துவிட்டார். "உங்களுக்கு யாரும் உதவி பண்ணாலும் கோபம், பண்ணலன்னாலும் கோபம்," என்று சொல்லிவிட்டு அவள் முகம் கழுவப் போனாள். அந்த வாரம் முழுக்க வீட்டில் தேவைக்கு மட்டும்தான் பேச்சு. உப்பு எடு, கதவைச் சாத்து, நாளைக்குத் தண்ணி வராதாம், அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை பார்சல் கட்டும் மேஜையில் கயிறு இழுத்து இழுத்து ஆள்காட்டி விரல் வீங்கிவிட்டது. அந்த விரலோடு வந்து லிவரை இழுத்தால் எப்படி இருக்கும்? முகத்தைச் சுளித்துக்கொண்டு அவர் இழுப்பதைச் சமையலறை வாசலிலிருந்து மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஈரக்கையைத் துடைத்தபடி வந்து, "தள்ளுங்க" என்றாள். மற்ற மூன்று விரல்களையும் மடக்கிக்கொண்டு ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டி லிவரை இழுத்தாள். அது அசையவில்லை. இன்னொரு முறை இழுத்தாள். பிறகு விரலை மெதுவாக லிவரின் முனைக்கு நகர்த்தினாள்.

"இந்த முனையில இழுத்தா வருதே."

"முனையில வரும். என் விரல் முனைக்கு வராதே. கைப்பிடியைப் பிடிச்சா விரல் இங்கதான இருக்கு."

"விரலை நகர்த்த முடியலன்னா லிவரை நகர்த்துங்க."

அவர் குனிந்து லிவர் மாட்டியிருந்த இடத்தைப் பார்த்தார். லிவரைப் பிடித்திருக்கும் கிளாம்பை ஹேண்டில்பாரின் நடுப்பக்கமாக அரைச் சாண் தள்ளினால் முனை தானாக ஆள்காட்டி விரலுக்கு நேராக வந்துவிடும். இதற்காகவா இரண்டு லிவரை ஒடித்தோம், கேட்டை வளைத்தோம் என்று அவருக்கு நெஞ்சு எரிந்தது. சந்தோஷப்பட வேண்டிய இடம்தான். ஆனால் முதலில் வந்தது எரிச்சல். மனைவி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் மறுபடி பாத்திரம் கழுவப் போனாள்.

யோசனை கிடைத்ததும் வேலை முடிந்துவிடவில்லை. கிளாம்பை இரண்டு விரற்கடை தள்ளியதுமே ஹேண்டில்பாரின் வளைவு வந்துவிட்டது; அதற்கு மேல் கிளாம்ப் நகராது. நேரான ஹேண்டில்பார் வேண்டும். பழைய இரும்புக் கடையில் வண்டிச் சாமான்கள் மலையாகக் குவிந்திருக்கும். அங்கே இரண்டு மணி நேரம் கிளறி ஒன்றை எடுத்து வந்தார். தடிமன் அதிகம்; கிளாம்ப் ஏறவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னொன்று வாங்கினார். அது மாட்டுக் கொம்பு போல மேலே தூக்கிக்கொண்டு நின்றது, கேபிள் எட்டவில்லை. எவ்வளவு குறைகிறது என்று கடைக்காரர் கேட்டார். நாலு விரற்கடை என்று சொல்லிக் கையைக் காட்டினார் கட்டிங்காரர். காட்டியது இடது கை. கடைக்காரர் கையையும் பார்த்தார், அவர் முகத்தையும் பார்த்தார். இருவரும் ஒரு நொடி விழித்துவிட்டு ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். அந்த மூன்று மாதத்தில் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். மூன்றாவதாகக் கிடைத்தது நேராக, அளவாக இருந்தது. கொஞ்சம் துருப்பிடித்திருந்ததைத் தேய்த்துக்கொண்டார்.

அதை மாட்டும்போது ஹார்ன் ஒயர் அறுந்தது. அதைச் சேர்த்தபோது இண்டிகேட்டர் அணைந்தது. இண்டிகேட்டரைச் சரிபண்ணினால் பிரேக் போட்டதும் ஹார்ன் அடித்தது. ஒரு நாள் முழுக்க ஒயர்களோடு மல்லுக்கட்டினார். ஒற்றை விரலால் டேப் சுற்றுவது, ஈரக்கையால் நூல் கோப்பது மாதிரி. கடைசியில் மனைவி ஒயரைப் பிடித்துக்கொள்ள, அவர் சுற்றினார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் ஒயர் ஒட்டியது.

லிவர் வேலை செய்தது. உண்மையிலேயே செய்தது. ஒரு விரலால் இழுத்ததும் கிளட்ச் முழுசாக விட்டது. அவர் தெருவில் நான்கு முறை போய் வந்தார். வளைவில் இரண்டு முறை வண்டி அணைந்தது. கிக்கரை உதைத்துக் கிளப்பினார். ஆனால் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் பின்னால் அந்த மொட்டை வெட்டுதான் கண்ணில் பட்டது. அந்தக் குழாயை ஒட்ட வேறு வெல்டரிடம் போகலாம். போனால் குடும்பத்தில் விரிசல் என்று ஊருக்கே அறிவித்த மாதிரி ஆகும். தவிர அளவுக்குச் சரியான குழாய் மச்சினனிடம்தான் இருந்தது. இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் அச்சகத்திலிருந்து நேராகப் பட்டறைக்கு வண்டியை விட்டார்.

மச்சினன் ஒரு ஜன்னல் சட்டத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். அவரைப் பார்த்து எழுந்தான். வண்டியைப் பார்த்தான், லிவர் இருந்த இடத்தைப் பார்த்தான். விரலை வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்கு மாமா" என்றான். யாருடைய யோசனை என்று கேட்டான். உன் அக்கா யோசனை என்றார். 

"அந்தக் குழாய் இருக்கா?"

"இருக்கு." சுவரோரம் துணியில் சுற்றி வைத்திருந்ததைக் காட்டினான். விற்கவும் இல்லை, வேறெதற்கும் வெட்டவும் இல்லை.

"அப்ப ஒட்டிக் குடு."

மச்சினன் கையுறையைக் கழற்றினான். கழற்றியதை மறுபடி மாட்டினான். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"மாமா, நான் ஸ்டைலுக்காக வெட்டல. அன்னைக்கு கேட்ல போய் முட்டினீங்க இல்ல. அதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே வரல. நீங்க விழுந்தா நீங்க விழுந்தீங்க, அது உங்க பிடிவாதம். பின்னாடி அக்கா இருந்தா? உங்ககிட்ட சொன்னா கேக்க மாட்டீங்க. அக்காகிட்ட சொன்னா, நான் அவரு கூடத்தான் போவேன்னு சொல்லும். சீட்டே இல்லன்னா ரெண்டு பேரும் ஒண்ணும் பண்ண முடியாதுல்ல."

கட்டிங்காரருக்குக் காது மடல் சூடேறியது. இவனும் தனக்காக முடிவெடுத்திருக்கிறான். அதுவும் எல்லோரையும் போல வாயால் சொல்லாமல் கிரைண்டரால் எடுத்திருக்கிறான். திட்ட வேண்டும் என்று வார்த்தை தேடினார். கிடைத்த எல்லா வார்த்தைக்கும் ஒரே பதில்தான் இருந்தது: கேட்டில் முட்டியது உண்மை. அன்று வண்டி இரண்டடி தள்ளிப் போயிருந்தால் நடையில் நின்ற மனைவி மேல் மோதியிருக்கும் என்பதும் உண்மை. அதை அவரும் நினைத்துப் பார்த்திருந்தார். நினைத்துவிட்டு மூடி வைத்திருந்தார்.

ஒரு மூலையில் கிடந்த பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.  மச்சினன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். குடித்தார்.

"சரி மாப்ள. இப்ப என்னதான் பண்ணணும்கிற?"

"தற்காலிகமா ரெண்டு இடத்துல புள்ளி மாதிரி வெல்டிங் வெக்கிறேன். சீட்ட மாட்டிக்கலாம். என்னப் பின்னாடி உக்கார வெச்சு ஓட்டுங்க. பாலம் வரைக்கும். எனக்கு பயமில்லன்னா முழுசா ஒட்டறேன்."

"உனக்கு பயமா இருந்தா?"

"அப்ப ஒட்ட மாட்டேன். நீங்க வேற எங்கயாவது போய் ஒட்டிக்கங்க. நான் அக்காகிட்ட சொல்லிடுவேன்."

நேர்மையான பேச்சுதான். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் சம்மதித்தார்.

மச்சினன் அக்காவைப் போலவா, எண்பது கிலோ இருப்பான். அவன் ஏறி உட்கார்ந்ததும் வண்டி முனகியது. தெரு முழுக்க சாயங்கால நெரிசல். பட்டறை வாசலிலேயே ஒரு முறை அணைந்தது. பின்னாலிருந்து சத்தமில்லை. கிளப்பினார். முதல் வளைவு சரியாகப் போயிற்று. இரண்டாவது வளைவில் ஒரு நாய் குறுக்கே வந்தது. ஆள்காட்டி விரல் தானாக லிவரை இழுத்தது, வலது கை பிரேக்கைப் பிடித்தது, வண்டி நாய்க்கு முன்னால் அடக்கமாக நின்றது. பின்னால் மச்சினன் அவர் சட்டையை முதுகோடு சேர்த்துப் பிடித்திருந்தான். "விடு மாப்ள, சட்டை கிழியும்" என்றார்.

பாலத்தின் ஏற்றம்தான் சோதனை. முன்னால் ஒரு லாரி நின்று நின்று ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை அது நிற்கும்போதும் அவரும் நிற்க வேண்டும். பின்னோக்கி உருளாமல் பிரேக்கைப் பிடித்து, கிளட்சை விட்டு விட்டு, எண்பது கிலோவோடு மேலே தூக்க வேண்டும். இரண்டு முறை தூக்கினார். மூன்றாம் முறை விரல் மரத்துப்போய் லிவர் சட்டென்று விடுபட்டது. வண்டி ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. பின்னால் ஒரே ஹார்ன் சத்தம். மச்சினன் இறங்கவில்லை, உதவி வேண்டுமா என்று கேட்கவும் இல்லை. இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு காத்திருந்தான். அவர் விரலை நான்கு முறை மடக்கி நீட்டினார். கிக்கரை உதைத்தார். மூன்றாவது உதையில் கிளம்பியது. உச்சி வரை போய்த் திரும்பினார்கள்.

பட்டறைக்கு வந்ததும் மச்சினன் இறங்கி, தொடையைத் தட்டிக்கொண்டு, ஏற்றத்தில் அக்காவை இறங்கி நடக்கச் சொல்ல வேண்டும் என்றான். விரல் பழகும் வரைக்கும். அதற்கு ஒப்புக்கொண்டால் ஒட்டுகிறேன் என்றான். கட்டிங்காரர் ஒப்புக்கொண்டார். "இனிமே என் வண்டியில எதையாவது வெட்டணும்னா மொதல்ல என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு" என்றார். அவன் தலையாட்டிவிட்டுக் கண்ணாடியை இறக்கிக்கொண்டான்.

ஒட்டு அவ்வளவு அழகாக வரவில்லை. குழாயில் இரண்டு இடத்தில் கட்டி கட்டியாக நின்றது. தேய்த்துப் பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்றான் மச்சினன். வேண்டாம், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை காலை மனைவி பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். பின்சீட்டை ஒரு முறை கையால் அழுத்திப் பார்த்தாள். "அவன்தான் ஒட்டினானா? எதுக்கு வெட்டினானாம், கேட்டீங்களா?" என்றாள். ஸ்டைலுக்குத்தானாம் என்றார். அவள் அதை நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. ஏறி உட்கார்ந்தாள்.

பெரிய சாலை சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டி அணைந்தது. பின்னாலிருந்த பஸ்காரன் ஹார்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அவர் உதைத்தார், உதைத்தார், கிளம்பவில்லை. வாயில் வந்ததையெல்லாம் வண்டியைப் பார்த்து முணுமுணுத்தார். ஐந்தாவது உதையில் அது இருமிக்கொண்டு உயிர் பெற்றது. பாலத்தடியில் இறங்கி நடக்கச் சொன்னார். அவள் சிரிக்காமல் இறங்கி, ஓரமாக நடந்து, மேலே வந்து மறுபடி ஏறிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது மணி எட்டு பத்து. இரண்டு பஸ் மாறி வந்திருந்தால் எட்டுக்கே வந்திருப்பாள். புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

"சாயங்காலம் அஞ்சே காலுக்கு வெளிய வருவேன்," என்றாள். "லேட் பண்ணாதீங்க."

அவர் விரலை மடக்கி நீட்டிக்கொண்டே சரி என்றார்.